‘மெட்ரோவுக்கு ரெண்டு நிமிஷம் சார்’: எந்த ஸ்டேஷன் பக்கத்தில் வீடு பார்ப்பது?

போன வருஷம் ஐப்பசியில் தொடங்கி மார்கழி பிறக்கும் வரை சென்னையில் வாடகைக்கு வீடு தேடினேன். புரோக்கர்கள் பலவிதம். ஆனால் எல்லோரும் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: “மெட்ரோவுக்கு ரெண்டு நிமிஷம் சார்.” அப்படிச் சொல்லிக் காட்டிய ஒரு வீட்டிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு நிஜமாகவே நடந்து பார்த்தேன். கேட்டிலிருந்து பிளாட்பாரத்தில் கால் வைக்கும் வரை 14 நிமிடம். புரோக்கர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது தூண் வரைக்குமான கணக்கு.

எங்கள் நிலவரம் இது. எனக்கு வேலை ஈக்காட்டுத்தாங்கலில். அம்மாவுக்கு மாதம் ஒருமுறை எழும்பூர் கண் ஆஸ்பத்திரி. வயது 67, ரெண்டு முழங்காலிலும் தேய்மானம். தங்கைக்குத் தரமணிப் பக்கம் ஐ.டி. வேலை, வாரத்தில் மூன்று நாள் போனால் போதும். வீட்டில் வண்டி ஒன்றுதான். ரயிலை ஒட்டி வீடு வேண்டும் என்பதில் மூன்று பேருக்கும் ஒரே கருத்து. எந்த ரயில் என்பதில்தான் சண்டை. நான் நூறடி ரோட்டைச் சொன்னேன்: அரும்பாக்கம், வடபழனி, அசோக் நகர், எல்லாம் தூண்மேல் நிற்கும் ஸ்டேஷன்கள். அம்மாவுக்கு அண்ணா நகர், அங்கே ஸ்டேஷன் மண்ணுக்குள். தங்கைக்குத் திருவான்மியூர், அங்கே ஓடுவது மெட்ரோ இல்லை, ‘பறக்கும் ரயில்’ என்கிற பழைய உயர்மட்ட ரயில்.

மூன்றையும் சுற்றிப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. நாம் ரயிலுக்குப் பக்கத்தில் குடியேறுவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், ரயில் எதைப் பிடித்துக்கொண்டு போகிறதோ அதற்குப் பக்கத்தில்தான் குடியேறுகிறோம். தூண்மேல் போகும் மெட்ரோ அகலமான ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. பறக்கும் ரயில் பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்துக்கொண்டு போகிறது. மண்ணுக்குள் போகும் மெட்ரோவுக்கு மட்டும்தான் மேலே என்ன இருக்கிறது என்ற கவலை கொஞ்சம் குறைவு. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நூறடி ரோட்டின் முகப்பு வீடு

சென்னை மெட்ரோவின் முதல் கட்டம் சுமார் 45 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 24 மண்ணுக்குள், 21 தூண்மேல். முதன்முதலில் ரயில் ஓடியது தூண்மேல்தான்: 2015 ஜூன் 29, கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை, ஏழு ஸ்டேஷன்கள். அந்தப் பாதைக்கு நூறடி ரோடு தோதாகக் கிடைத்தது. நடுவில் தூணை நட்டாலும் இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் போக இடம் மிஞ்சும். ஆகவே தூண்மேல் ஸ்டேஷனை ஒட்டிய வீடு என்றால், ஊரிலேயே அதிகமாக வண்டி ஓடும் ரோடுகளில் ஒன்றை ஒட்டிய வீடு என்று அர்த்தம். விளம்பரத்தில் முதல் பாதி மட்டும்தான் வரும்.

நான் பார்த்த வீடு மூன்றாவது மாடி. ஹாலில் பெரிய ஜன்னல், வெளியே சின்ன பால்கனி. பால்கனிக்கு நேர் எதிரே, கிட்டத்தட்ட கண் மட்டத்தில், பிளாட்பாரம். எதிரே நின்ற ஒருவர் செல்போனிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன், ரெண்டு பேருக்கும் சங்கடம். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, “ஸ்க்ரீன் போட்டுட்டா ஒண்ணும் தெரியாது” என்றார். அவர் போட்டிருந்த திரையைத் திறந்தே பல மாதம் ஆகியிருக்கும் போல, மடிப்புகளில் தூசி கோடு கோடாகப் படிந்திருந்தது. பால்கனிக் கம்பியில் விரலை வைத்தேன், கறுப்பாக ஒட்டியது. அந்த ஜன்னலுக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கப் போகிறோம், அதைத் திறக்க முடியாது.

சத்தத்தைப் பற்றி நான் நினைத்திருந்தது தலைகீழாகப் போனது. ரயில் சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு பெட்டி ரயில், ஸ்டேஷனுக்குள் வரும்போது வேகம் குறைந்து வழுக்கிக்கொண்டு வந்து நிற்கிறது. ஒரு ‘ஷ்ஷ்’, அப்புறம் கதவு மூடும் ஒலி, அவ்வளவுதான். இரவு பதினொரு மணிக்கு மேல் அதுவும் கிடையாது. விடாமல் கேட்டது கீழே இருந்த சிக்னல். பச்சை விழுவதற்கு முன்னாலேயே பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிக்கிறான். சிக்னலுக்கு ராத்திரி என்றும் பகல் என்றும் இல்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. ஸ்டேஷனை ஒட்டிய வீட்டைவிட, இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் பாதையை ஒட்டிய வீட்டில்தான் ரயில் சத்தம் அதிகம். அங்கேதான் ரயில் முழு வேகம் எடுக்கிறது. பாதை வளையும் இடமாக இருந்தால் சக்கரம் தண்டவாளத்தில் உரசிக் கிறீச்சிடும். அதனால், “ஸ்டேஷன் பக்கம் இல்ல சார், கொஞ்சம் தள்ளி, அமைதியா இருக்கும்” என்று யாராவது சொன்னால், எந்தத் திசையில் தள்ளி என்று கேளுங்கள். ரோட்டோடு தள்ளினால் லாபம் இல்லை. தெருவுக்குள் தள்ள வேண்டும்.

அந்த 14 நிமிடம் எங்கே போனது என்றும் சொல்லிவிடுகிறேன். வீடு ரோட்டின் ஒரு பக்கம். அந்தப் பக்கத்து வாசலில் படிக்கட்டும் எஸ்கலேட்டரும் உண்டு, லிஃப்ட் எதிர்ப்பக்கம். அம்மாவுக்கு எஸ்கலேட்டர் என்றால் பயம், முதல் படியில் கால் வைப்பதற்குள் நாலு பேர் பின்னால் நின்றுவிடுவார்கள். சரி, எதிர்ப்பக்கம் போகலாம் என்றால் நடுவில் தடுப்புச்சுவர், சிக்னல் வரை நடந்து, நின்று, கடந்து, திரும்பி நடந்து வர வேண்டும். அதிலேயே எட்டு நிமிடம். லிஃப்டில் ஏறினால் டிக்கெட் தளத்தில் விடும். அங்கே பரிசோதனை, கேட், அப்புறம் பிளாட்பாரத்துக்கு இன்னொரு லிஃப்ட். தூண்மேல் ஸ்டேஷன்களில் நடுவில் தண்டவாளம், இரண்டு ஓரத்திலும் பிளாட்பாரம் என்பதால் எந்தத் திசை ரயிலுக்கு எந்த லிஃப்ட் என்று முன்னமே பார்த்துக்கொள்ள வேண்டும். தப்பான பக்கம் ஏறிவிட்டால் இறங்கி மறுபடி முதலிலிருந்து.

மூட்டுவலி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் ஏறுவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். சில ஸ்டேஷன்களில் ஏறுவதற்கு எஸ்கலேட்டர் இருக்கும், இறங்குவதற்குப் படிதான். தூண்மேல் ஸ்டேஷனில் வீடு திரும்பும் பயணம் எப்போதும் இறங்குவதில்தான் முடிகிறது. மண்ணுக்குள் இருக்கும் ஸ்டேஷனில் அது தலைகீழ்: வீடு திரும்பும்போது ஏறுகிறோம். அம்மா அண்ணா நகரைக் கேட்டதற்கு இது ஒரு காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது, முழங்காலுக்குத் தெரிந்திருக்கும்.

முகப்பு வீட்டுக்கு ஆதரவாகவும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ரோட்டைக் கடக்கும் தொல்லை, ஸ்டேஷன் வந்த பிறகு பல இடங்களில் குறைந்திருக்கிறது. இரு பக்கமும் வாசல் இருக்கும் ஸ்டேஷன்களில் டிக்கெட் எடுக்காமலே டிக்கெட் தளம் வழியாக எதிர்ப்பக்கம் போய்விடலாம். மழைக்கு நனையாமல், வெயிலுக்குக் காயாமல் நூறடி ரோட்டைக் கடப்பது சின்ன விஷயம் இல்லை. காலையில் எட்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி பத்து மணிக்கு வரும் தனிக்கட்டை என்றால் முகப்பு வீடே போதும். தூசியும் ஹாரனும் அவன் இல்லாத நேரத்தில்தான் அதிகம். நான் பார்த்தவற்றில் வாடகையும் உள்தெரு வீட்டைவிட ரெண்டாயிரம், மூவாயிரம் குறைவாகவே இருந்தது. வீட்டுக்காரர்களுக்கும் அந்த ஜன்னல் விஷயம் தெரியும்.

அண்ணா நகர், மண்ணுக்குள்

கோயம்பேட்டைத் தாண்டியதும், நூறடி ரோட்டின் மேலே வந்த அதே மெட்ரோ, அதாவது பச்சை வழித்தட ரயில், தூண்மேலிருந்து சரிந்து இறங்குகிறது. வெளிச்சம் பக்கவாட்டுச் சுவரில் குறைந்துகொண்டே வந்து சட்டென்று அணைகிறது. அதற்குப் பிறகு திருமங்கலத்திலிருந்து சென்ட்ரல் வரை எல்லாம் மண்ணுக்குள்தான். இங்கேதான் நான் மேலே சொன்ன விதிக்கு விலக்கு கிடைக்கிறது. ஷெனாய் நகர் ஸ்டேஷனைத் திரு.வி.க. பூங்காவுக்கு அடியில் கட்டினார்கள். வேலை நடந்த வருஷங்களில் பூங்காவே இல்லை. வேலை முடிந்ததும் மேலே பூங்காவைத் திரும்ப அமைத்துக் கொடுத்தார்கள். ஒரு ஸ்டேஷன் வாசலில் நின்றால் நடைப்பயிற்சிக்காரர்களும் குழந்தைகளும் கண்ணில் படுவது தூண்மேல் பாதையில் நடக்கிற காரியம் இல்லை.

ரயில் ஏறும் அனுபவத்தில் இது ஒரு படி மேல், சந்தேகமே வேண்டாம். ஸ்டேஷன் முழுக்க ஏ.சி. பிளாட்பார ஓரத்தில் கண்ணாடிக் கதவு, ரயில் வந்து நின்றால்தான் திறக்கும். முதல் கட்டத்தின் தூண்மேல் ஸ்டேஷன்களில் அந்தக் கதவு கிடையாது. பெரும்பாலும் நடுவில் ஒரே பிளாட்பாரம், இரண்டு பக்கமும் ரயில். தப்பான பக்கம் இறங்கிவிட்டோமே என்ற பிரச்சினையே இல்லை, திரும்பி நின்றால் போதும். வாசல்களும் ரோட்டின் இரு பக்கமும் இருப்பது வழக்கம். மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிடக் கூடாது என்று வாசலை ரோட்டு மட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டியிருப்பார்கள். பாதாளத்துக்குப் போக முதலில் நாலு படி ஏற வேண்டும் என்பதை அம்மா ரொம்ப நேரம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

குறை இல்லையா என்றால் உண்டு. உள்ளே நடை அதிகம். வாசலிலிருந்து டிக்கெட் தளம், அங்கிருந்து பிளாட்பாரம் என்று இறங்கி, வளைந்து, நடந்து போக வேண்டும். லிஃப்ட் எந்த வாசலில் என்ற கேள்வி இங்கேயும் அப்படியே இருக்கிறது. நான் போய்ப் பார்த்த ஒரு ஸ்டேஷனில் அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. காவலாளி அடுத்த வாசலைக் காட்டினார், அது ரோட்டுக்கு அந்தப் பக்கம். பழுது எங்கேயும் வரும்தான். ஆனால் ஒரு லிஃப்டை மட்டும் நம்பி வீடு பார்க்கக் கூடாது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பெரிய குறை வாடகை. அண்ணா நகர் மெட்ரோ வருவதற்கு முன்பே அண்ணா நகர்தான். 1968-இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடம், அதற்காக எழுந்த கோபுரம் இன்றைக்கும் பூங்காவில் நிற்கிறது, அந்தக் கோபுரத்தின் பெயரில் ஒரு ஸ்டேஷனே இருக்கிறது. எங்கள் பட்ஜெட்டுக்குக் கிடைத்தது ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிடம் தள்ளி, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடி. ஏ.சி. ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் வீட்டுப் படிக்கட்டிலேயே அம்மாவுக்கு முட்டி போய்விடும். பணம் தடை இல்லை, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், அண்ணா நகர் டவர், அண்ணா நகர் கிழக்கு, ஷெனாய் நகர் மூன்றில் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்குப் பணம் தடை.

பறக்கும் ரயில்

தங்கையின் கட்சி பலவீனமானது இல்லை. திருவான்மியூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே டைடல் பார்க். அவளுக்கு ஆபீஸ் நடந்து போகும் தூரம். கட்டணம்தான் அவளுடைய பிரதான ஆயுதம்: மெட்ரோவில் குறைந்தபட்சம் 10 ரூபாய், இதில் 5 ரூபாய். மாத சீசன் எடுத்தால் இன்னும் மலிவு. தினமும் போய் வருகிறவனுக்கு மாதக் கடைசியில் அந்த வித்தியாசம் கையில் தெரியும்.

இதுவும் தூண்மேல்தான் நிற்கிறது, மெட்ரோவுக்கு இருபது வருஷம் மூத்தது. 1995-இல் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து சேப்பாக்கம் வரை தொடங்கி, 1997-இல் மயிலாப்பூருக்கும், 2004-இல் திருவான்மியூருக்கும், 2007-இல் வேளச்சேரிக்கும் வந்து சேர்ந்தது. மயிலாப்பூரில் ஸ்டேஷன் கால்வாய்க்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ரோட்டில் தூண் நடாமல் கால்வாயோரம் நட்டதால் கிடைத்த நன்மை: ஹாரன் இல்லை, எதிர்வீட்டை எட்டிப் பார்க்கும் பிளாட்பாரமும் பல இடங்களில் இல்லை. கிடைத்த தீமை: கால்வாய். மழைக்காலத்திலாவது தண்ணீர் ஓடும். மற்ற மாதங்களில் ஓடாது, கொசுதான் ஓடும். கால்வாய்ப் பக்கம் ஜன்னல் வைத்த வீட்டைப் பகல் பதினோரு மணிக்குப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பொழுது சாய்ந்து ஆறரைக்குப் போய் அரை மணி நேரம் உட்காருங்கள்.

ஸ்டேஷன் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்யாண மண்டபம் மாதிரி பிரம்மாண்டம். கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று கட்டிய தளங்கள் பல இடங்களில் வருஷக்கணக்கில் காலியாகவே கிடந்தன. பெரிய கட்டடத்தில் ஆள் குறைவாக இருந்தால் இரவு ஒன்பதரைக்கு இறங்கி நடக்கிற பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதைத் தங்கையிடமே கேட்டேன். “ஸ்டேஷன்ல பயம் இல்ல, ஸ்டேஷனுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற அந்த எறநூறு அடிதான்” என்றாள். ரோட்டின் நடுவில் நிற்கும் மெட்ரோ ஸ்டேஷனில் அந்த இருநூறு அடி கிடையாது. படியிறங்கினால் பஸ் ஸ்டாப், டீக்கடை, ஷேர் ஆட்டோ, ஜனம். பகலில் நான் திட்டிய அதே ரோடு ராத்திரியில் காவல் காக்கிறது.

எனக்கும் அம்மாவுக்கும் இது ஒத்துவராமல் போனதற்குக் காரணம் வேறு. திருவான்மியூரிலிருந்து ஈக்காட்டுத்தாங்கலுக்கு நேராகப் போக வழியில்லை, பஸ்ஸும் மாற வேண்டும். எழும்பூருக்கும் அப்படித்தான். அதோடு, ஒரே பாதையை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கடற்கரை - எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. ஏழு மாதம் என்றார்கள். கடற்கரை வரை மறுபடி ஓடியது 2024 அக்டோபர் 29-இல். பதினாலு மாதம், கடற்கரை ஸ்டேஷன் பக்கத்துப் பாரிமுனைக்குப் போகிறவர்கள் பாதியில் இறங்கி பஸ் பிடித்தார்கள். மெட்ரோவின் நீல, பச்சை வழித்தடங்கள் ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் சந்தித்துக்கொள்வதால் ஒரு பக்கம் தகராறு என்றால் சுற்றிக்கொண்டாவது போகலாம்.

மழை வந்தால்

மழைக்காலத்தில் வீடு தேடியதால் இதை நிறையப் பேர் கேட்டார்கள்: தூண்மேல் ஸ்டேஷன் என்றால் வெள்ளத்துக்குப் பயமில்லையே? பாதி சரி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ரோடும் புறநகர் ரயிலும் முடங்கியபோது கோயம்பேடு - ஆலந்தூர் மெட்ரோ ஓடிக்கொண்டிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் ரயில் ஓடியது. ஆனால் பரங்கிமலை ஸ்டேஷன் வாசலில் நாலடித் தண்ணீர். மேலே ரயில் தயாராக நிற்கிறது, கீழே ஆள் உள்ளே போக முடியவில்லை. ஆலந்தூர் போய் ஏறிக்கொள்ளுங்கள் என்று மெட்ரோ நிர்வாகமே அறிவித்தது. பிளாட்பாரத்தின் உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. படிக்கட்டின் முதல் படி எந்த மட்டத்தில் இருக்கிறது, வீட்டிலிருந்து அந்தப் படி வரை பள்ளம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டால் எந்த வருஷம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று இடுப்பைத் தொட்டுக் காட்டுவார்.

இனிமேல் வரப்போகும் ஸ்டேஷன்

வடபழனியைத் தாண்டி ஆற்காடு ரோட்டில் வீடு பார்க்கச் சொன்னவர்களும் உண்டு. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் பாதை வடபழனியில் பச்சை வழித்தடத்தைச் சந்திக்கிறது. ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரைக்கும் இரண்டு வழித்தடங்கள் ஒரே தூணில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். ரோடு அகலம் போதாத இடத்தில் உயரத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பகுதியில் பார்க்கிறவர்கள் நமக்கு வேண்டிய ரயில் கீழ் அடுக்கா மேல் அடுக்கா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மேல் அடுக்கு என்றால் வழக்கமான தூண்மேல் ஸ்டேஷனைவிட இன்னும் ஒரு ஏற்றம், இன்னும் ஒரு இறக்கம். வாங்குகிறவருக்கும் வாடகைக்கு வருகிறவருக்கும் கணக்கு இங்கே நேர் எதிர். கட்டுமானம் நடக்கும்போது வாங்குகிறவர் தூசியைச் சகித்துக்கொண்டு, ரயில் வந்ததும் விலையில் எடுத்துவிடுவார். வாடகைக்காரருக்குத் தூசி மட்டும்தான் பங்கு. ரயில் வந்த அடுத்த மாதம் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். சொந்தமாக வாங்குவதாக இருந்தால் நான் ஆற்காடு ரோட்டுக்கு இரண்டு தெரு உள்ளே பார்ப்பேன். வாடகைக்கு, ஓடிக்கொண்டிருக்கும் ரயிலைத் தவிர வேறெதையும் நம்ப மாட்டேன்.

இதே தவறைக் கோயம்பேட்டிலும் சிலர் செய்கிறார்கள், வேறு விதமாக. பஸ் ஸ்டாண்டும் மெட்ரோவும் ஒன்றாக இருக்கிறதே, ஊருக்குப் போக வசதி என்று இன்னமும் அங்கே வீடு கேட்கிறவர்களைப் பார்த்தேன். தென் மாவட்ட பஸ்கள் கிளாம்பாக்கத்துக்குப் போய் வருஷமாகிவிட்டது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு 15.46 கிலோமீட்டர் மெட்ரோ என்பது திட்டத்தில் இருக்கிறது, அதை நம்பியும் அட்வான்ஸ் கொடுக்க முடியாது.

நாங்கள் எடுத்தது

அசோக் நகரில், நூறடி ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, தரைத்தளத்தில் ஒரு வீடு. முகப்பு வீட்டைவிட வாடகை அதிகம், அண்ணா நகரைவிடக் குறைவு. முன்னால் ஒரு வேப்பமரம், அதற்கு முன்னால் இன்னொரு வரிசைக் கட்டடங்கள். அந்தக் கட்டடங்கள்தான் எங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவில் சுவர். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ரயில் வருவது கேட்கும், மிக்ஸி ஓடினால் கேட்காது. எனக்கு ஆபீஸ் அடுத்த ஸ்டேஷன், உட்கார்வதற்குள் இறங்க வேண்டும். வண்டி தங்கைக்கு. அவள் இன்னும் திருவான்மியூர்தான் சரி என்கிறாள், அவள் கணக்கில் அது சரிதான்.

புரோக்கர் இந்த வீட்டுக்கும் “ரெண்டு நிமிஷம்” என்றுதான் சொன்னார். முடிவு சொல்வதற்கு முன் ஒரு வேலை நாளில், காலை நெரிசல் நேரத்தில், அம்மாவை எழும்பூர் வரை கூட்டிக்கொண்டு போய் வந்தேன். கேட்டிலிருந்து லிஃப்ட் வாசல் ஆறு நிமிடம், மெயின் ரோட்டைக் கடக்காமல். பிளாட்பாரத்துக்கு இன்னொரு மூன்று. பன்னிரண்டாவது ஸ்டேஷன் எழும்பூர். கோயம்பேடு தாண்டி ரயில் இறங்கி வெளிச்சம் அணைந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், திருமங்கலத்தில் விட்டுவிட்டார்.

திரும்பி வந்து அசோக் நகரில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. எஸ்கலேட்டர் பக்கம் கூட்டம், படிக்கட்டு காலியாக இருந்தது. அம்மா படிக்கட்டை ஒருமுறை பார்த்தார். லிஃப்டைப் பார்த்தார்.

“இந்த லிஃப்ட் எறங்குனா நம்ம பக்கம்தானடா?”

ஆமாம் என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.